பீரோ பக்கத்தில் ஒரு விளக்கு

அம்மாபேட்டை வீட்டில் சமையலறையை இடித்து இன்றோடு 23 நாள். அரிசி டப்பாவைத் திறந்தால்கூட சிமெண்ட் வாசம். டைல்ஸ் ஒட்டுபவர் "நாளைக்கு வந்துடறேங்க" என்று சொல்லி நான்கு நாளாகிறது. நேற்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வயதான கொத்தனார்தான் சொன்னார்: "பூச்சு காய்ஞ்சா கெட்டியாகும்னு நினைக்காத கண்ணு. தண்ணி குடிச்சாத்தான் கெட்டியாகும். 7 நாள் விடாம ஊத்து."

காலையும் மாலையும் குழாயோடு நிற்கிறேன். சுவர் தண்ணீரை உறிஞ்சும்போது மெல்லியதாக ஒரு சத்தம் வருகிறது. அதைக் கேட்கக் கேட்க மனசும் கொஞ்சம் அடங்குகிறது.

சாமி படங்கள் இப்போது பீரோ பக்கத்து ஸ்டூலில். கோட்டை மாரியம்மன் படத்துக் கண்ணாடியில் தினமும் தூசி. முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன். சரி, அவள் பார்த்துக்கொள்வாள். ஆடிக்கு அந்தப் புது அடுப்பில்தான் கூழ் காய்ச்ச வேண்டும்.