கொடி காய்ந்த பிறகு

கீழ்ப்பழனி மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏழு வருடம் செவிலியராக இருந்தேன். பாம்புக்கடி, காட்டுமாடு முட்டியது, ஜீப்பிலேயே நடந்த பிரசவம் எல்லாம் பார்த்தாயிற்று. கிழங்கு தின்று ஒருவர் சாகக் கிடப்பார் என்று மட்டும் நினைத்ததில்லை.

அது தை மாதம். காப்பித் தோட்ட வேலைக்குக் கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒருவரை நடுராத்திரியில் தூக்கிவந்தார்கள். நிற்காத வாந்தி, பேதி. கெட்டுப்போன சாப்பாடு என்று நினைத்து சலைன் ஏற்றினோம். மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டதற்கு, "காட்டுல வள்ளிக்கிழங்குன்னு தோண்டி அவிச்சோம். எனக்குக் கசந்துச்சு, துப்பிட்டேன்" என்றார் கூட வந்தவர்.

அன்று இரவுப் பணியில் எங்களுடன் ஒரு பாட்டி இருந்தார், துப்புரவு வேலைக்கு. இந்த மலையின் பளியர் பழங்குடி. அவர் கேட்ட முதல் கேள்வி, "கொடி எப்படி இருந்துச்சு?" காய்ந்து கிடந்ததாம். "கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருந்துச்சா?" ஆமாம் என்றார். பாட்டி என்னைப் பார்த்து, "கண்வலிக்கிழங்கு" என்றார்.

செங்காந்தள்தான், நம் மாநில மலர். மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே வயல் வயலாக வளர்க்கிறார்கள். அதிலிருக்கும் கோல்சிசின், யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குகிறவர்களுக்கு நாங்களே மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிற மருந்து. கிழங்கோடு உள்ளே போனால் முதலில் வாந்தி, பேதி. அப்புறம் சிறுநீரகம், ரத்த அணுக்கள் என்று ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. எங்களிடம் முறிமருந்தும் கிடையாது. விடிவதற்குள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டோம். பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து மொட்டைத் தலையோடு வந்து நின்றபோது, பழனியில் முடி இறக்கிவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன். நஞ்சு கொட்டவைத்த முடி அது.

ஐப்பசியில் பாட்டி என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். வள்ளிக்கொடி தண்டாலேயே மரத்தைச் சுற்றி ஏறுகிறது. கண்வலிக்கொடிக்கு இலை நுனி நீண்டு சுருள்கிறது, அந்தச் சுருளால் பற்றிக்கொள்கிறது. இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. ஆனால் கிழங்கு முற்றுவது கொடி காய்ந்த பிறகு. அப்போது சுருளும் இல்லை, பூவும் இல்லை. பளியர்கள் மழைக்காலத்தில் பார்த்து மனதில் குறித்த இடத்தைத்தான் தை, மாசியில் தோண்டுகிறார்கள். தோட்டத்து ஆளுக்கு அந்த மழைக்காலம் இல்லை.

மூன்றிலையும் முள்ளுமாக இன்னொரு கொடியைக் காட்டினார். அதன் கிழங்கைச் சீவி ஓடைத் தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு நஞ்சை எடுத்த பிறகே தின்ன முடியுமாம். எத்தனை நாள் என்று நோட்டைத் திறந்தேன். "நீ அதைத் தின்ன வேணாம்" என்றார். நானும் எழுதவில்லை.

மறுபடி தையில் போனோம். 2006 வன உரிமைச் சட்டம் கிழங்கெடுக்கும் உரிமையைக் காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்குத்தான் தந்திருக்கிறது. சம்பளக்காரியான நான் கடப்பாரையைத் தொடவில்லை. வள்ளி நேர்க்குத்தாக இறங்குகிறது, பாட்டி இடுப்பளவு குழிக்குள் நின்றார். கிழங்கின் தலைப்பகுதியைக் கொடியோடு விட்டு, மீதியை மட்டும் ஒடித்தெடுத்து, குழியை மூடி மிதித்தார். "அது அடுத்த வருசத்துக்கு." கிழங்கைத் தோலோடு உப்புப் போட்டு அவித்து, வரக்காப்பியோடு தின்றோம். மாவாக இருந்தது, லேசான மண்வாசனை. சந்தையில் வாங்கும் சேனைக்கு இந்த ருசி வராது.

வரும் வழியில், ஐப்பசியில் நான் குறித்துவைத்திருந்த இடத்தைக் காட்டினேன். பாறை, பக்கத்தில் கடுக்காய் மரம், சந்தேகமே இல்லை. பாட்டி பார்த்துவிட்டு நாலடி தள்ளிப் போய்க் கடப்பாரையை ஊன்றினார்.

"நான் சொன்ன இடத்தையும் தோண்டிப் பார்க்கலாமா பாட்டி?"

"எதுக்கு நர்சம்மா? திங்கவா போற?"