லூப்புக்குள் ஒரு கண்

யாழ்ப்பாண நகரில் ஒரு ஸ்ரூடியோவில் பதினான்கு வருடம் வேலை செய்தேன். கலியாண அல்பம், பாஸ்போட் படம், அந்தியேட்டிக்குப் பெருப்பிக்கிற படம், பிறேம் போடுவது எல்லாம் என் கையால்தான்.

ஒரு நாள் கனடாவிலிருந்து வந்த அக்கா ஒருவர் சுருட்டிய படமொன்றை மேசையில் விரித்தார்.

"தம்பி, பழைய வோக் அட்டைப்படம். ஒறிஜினல் பிறின்ற் எண்டுதான் தந்தவை. வடிவா பிறேம் போட்டுத் தாங்கோ."

பார்த்தவுடனே தெரிந்தது. வோக் என்ற ஃபேஷன் சஞ்சிகையின் 1950 ஜனவரி இதழின் அட்டை. ஒரு கண், உதடு, ஒரு மச்சம், அவ்வளவுதான். எர்வின் ப்ளூமன்ஃபெல்ட் எடுத்தது. மொடல் ஜீன் பாட்செட். கறுப்பு வெள்ளைப் படத்தில் மூக்கையும் கன்னத்தையும் இல்லாமற்செய்து, மிச்சத்துக்கு நிறம் கொடுத்த வேலை அது. இருட்டறையில் நின்றவனுக்குத்தான் அந்தத் துணிச்சல் விளங்கும்.

லூப்பை வைத்தேன். அந்தச் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் கண்ணிமை முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள். அச்சகத்தில் அடித்த போஸ்டர்.

உண்மையான பிறின்ற்றில் புள்ளி இராது. வெள்ளி உப்புப் பூசிய தாளில் சாம்பல் நிறம் புகை மாதிரித் தொடர்ந்து போகும். பழைய வர்ணப் பிறின்ற்றுகளில் டை ட்ரான்ஸ்ஃபர் என்றொரு முறை இருந்தது. மூன்று சாயத்துக்கு மூன்று அச்சுத்தகடு, ஒன்றன்மேல் ஒன்றாக மயிரிழை பிசகாமல் வைக்கவேண்டும். 1990களில் கொடாக் அந்தப் பொருட்களையே நிறுத்திவிட்டது. வோக்குக்குப் படம் எடுத்த ஏர்விங் பென் 1960களிலிருந்து தன் பழைய நெகட்டிவ்களைப் பிளாட்டினம் பூசிய தாளில் தானே திரும்பப் பிறின்ற் போட்டார். நெகட்டிவ் ஒன்றுதான். ஆனாலும் சேகரிப்பவர்கள் யார் போட்டது, எப்போது போட்டது, பின்பக்கத்தில் கையெழுத்து உண்டா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

எனக்கு இது பிந்தித்தான் விளங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐயாவின் தாயாருடைய படத்தை ஹார்ட்போர்ட்டில் பசை பூசி ஒட்டிவிட்டேன். 95 இடப்பெயர்வில் எல்லாம் போய் மிஞ்சியது அந்த ஒரு பிறின்ற்தான் என்று தெரியாது. மூன்று மாரி கழிய, மண்ணிறப் பொட்டுகளோடு திரும்பி வந்தது. உரிக்கவும் முடியவில்லை. ஐயா ஏசவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போனார்.

அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் அந்தப் போஸ்டருக்கும் அமிலமில்லாத அட்டைதான் வெட்டினேன். பசை பூசி ஒட்டவில்லை. மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய யப்பான் தாள், கோதுமை மாப் பசை. கண்ணாடி படத்தில் முட்டாமல் இடைவெளி. எங்கள் மாரிக்கு அந்த இடைவெளி கட்டாயம் வேணும்.

"அச்சடிச்சதுக்கே இவ்வளவு பாடோ தம்பி?" என்றவர், பையைத் திறந்து சின்னப் படமொன்றை எடுத்தார். வெள்ளைக் கரை, பின்னால் பழைய ஸ்ரூடியோ முத்திரை. அவருடைய அம்மா, கலியாணக் கூறையோடு.

லூப்பை வைத்தேன். ஒரு புள்ளியும் இல்லை.

"நெகட்டிவ் இருக்கோ அக்கா?"

"எங்கை தம்பி."

"அப்ப இதைத் தாங்கோ. முதல் ஸ்கான் பண்ணுவம்."