நாற்பது வினாடித் துடிப்பு என்னை ஏமாற்றிய கதை

சூரியச் சுடர் ஒன்றின் எக்ஸ் கதிரில் கண்டுபிடித்ததாக நம்பி மூன்று வாரங்களாகப் பத்திரமாக வைத்திருந்த என் நாற்பது வினாடித் துடிப்பு, சென்ற ஞாயிறு இரவு கண்ணெதிரிலேயே அறுபது வினாடித் துடிப்பாக மாறியது. தரவில் ஓர் எண்ணைக்கூட நான் தொடவில்லை. தரவிலிருந்து கழிக்கும் நகரும் சராசரியின் சாளரத்தை (ஒரு தடவைக்கு எத்தனை வினாடிகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பது என்பதை) மட்டும் 40 வினாடியிலிருந்து 60 வினாடிக்கு நீட்டியிருந்தேன். சந்தேகத்தோடு 90 ஆக்கிப் பார்த்தேன். துடிப்பும் பின்னாலேயே 90-க்கு வந்து நின்றது.

எடுத்துக்கொண்டது கோஸ்-16 செயற்கைக்கோள் ஒரு வினாடி இடைவெளியில் பதிவு செய்த நடுத்தர வலிமையுள்ள ஓர் எம் வகுப்புச் சுடரின் மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிர்த் தரவு. (ஒரு நிமிடச் சராசரிக் கோப்பு இந்த வேலைக்கு உதவாது, இரண்டு நிமிடத்துக்குக் குறைவான எந்தத் துடிப்பும் அதில் தெரியாது.) மென் எக்ஸ் கதிரின் வகைக்கெழு (அது மாறும் வேகம்) வன் (ஆற்றல் மிகுந்த) எக்ஸ் கதிரின் ஏற்ற இறக்கத்தை ஒத்திருக்கும் என்ற நியூபெர்ட் விளைவை நம்பி, பாயத்தை (பதிவான கதிர்வீச்சின் அளவை) விட்டுவிட்டு வகைக்கெழுவோடுதான் மல்லாடிக்கொண்டிருந்தேன். சூரியச் சுடர் தன் ஆற்றலை ஒரே மூச்சில் கொட்டிவிடாமல் தவணை தவணையாக வெளிவிடுவதைப் பார்க்க ஆசைப்படுவதில் தவறில்லை: பார்க்ஸும் விங்க்லரும் 16 வினாடி இடைவெளியில் வந்த வன் எக்ஸ் கதிர்த் துடிப்புகளை 1969-லேயே அறிவித்துவிட்டார்கள், 1980 ஜூன் 7 அன்று நிகழ்ந்த சுடரில் சுமார் எட்டு வினாடிக்கு ஒன்றாக ஏழு துடிப்புகள் வரிசையாக வந்தன. நானும் திரையில் விரல் வைத்து ஐந்து மேடுகளை எண்ணினேன். அத்தனை ஒழுங்காக இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோளாறு முழுவதும் போக்கு நீக்கத்தில், அதாவது மெதுவான ஏற்ற இறக்கத்தைக் கழிப்பதில்தான் இருக்கிறது. நகரும் சராசரியைக் கழித்தால் சாளரத்தைவிட மிக நீண்ட அலைவுகள் அழிந்துவிடும். சுடரின் ஒளிவளைவோ சிவப்பு இரைச்சல் (மெதுவான அலைவுகளே ஓங்கியிருக்கும் தற்செயல் ஏற்ற இறக்கம்) நிறைந்தது என்பதால், குறுகிய அலைவுகளுக்கு இயல்பிலேயே திறன் குறைவு. இரண்டு பக்கமும் சரிய, நடுவில் ஒரு மேடு எஞ்சுகிறது. அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் திறன் குறையும் ஒரு தொடரை எடுத்துக்கொண்டு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன்: அந்த மேட்டின் உச்சி மிகச் சரியாகச் சாளர அகலத்திலேயே விழுகிறது. சராசரி எடுக்கும் செயலே பொய்யான அலைவை உண்டாக்கக்கூடும் என்று புள்ளியியலாளர் ஸ்லட்ஸ்கி 1927-இல் எழுதிவைத்திருக்கிறார். நான்தான் படிக்காமல் விட்டேன். சந்தேகத்துக்கு இடமின்றி முடித்துவிட வேண்டும் என்று, கணினியில் தற்செயல் எண்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு தொடரைச் செய்து, அதிலிருந்து 40 வினாடிச் சராசரியைக் கழித்தேன். சூரியனே இல்லாத அந்தத் தரவிலும் நாற்பது வினாடித் துடிப்பு அழகாக வந்தது. சவிட்ஸ்கி–கோலே என்ற வேறொரு மென்மையாக்கும் வடிகட்டிக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதே சோதனையை அதற்கும் செய்து பார்க்கட்டும்.

ஆகவே போக்கு நீக்கத்தையே கைவிட்டேன். சுடர் தொடங்கியதிலிருந்து உச்சம் வரையிலான 300 வினாடிகளுக்கு வகைக்கெழுவின் திறன் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன் என்ற வரைபடத்தை) எடுத்து, இரு அச்சிலும் மடக்கை வைத்து, ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, அந்தக் கோட்டுக்கு மேலே எது எழுகிறது என்று பார்ப்பதே இப்போதைய முறை. இங்கும் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தேன். மடக்கை எடுத்தவுடன் திறனின் சராசரி, பத்தடி மடக்கையில் ஏறத்தாழ 0.25 கீழே இறங்கிவிடுகிறது. அதைத் திருப்பிக் கூட்டாவிட்டால் கோடு தாழ்ந்துபோய், ஒவ்வொரு மேடும் தன் தகுதிக்கு மீறி உயர்ந்து தெரியும். கூட்ட மறந்துவிட்டு ஒரு மாலை முழுவதும் மகிழ்ச்சியில் மிதந்தேன். இன்னொரு கணக்கும் உண்டு: 300 புள்ளிகளில் 150 அதிர்வெண்கள் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 95 சதவீத எல்லையை வைத்தால் வெறும் இரைச்சலிலேயே ஏழெட்டு மேடுகள் எல்லை தாண்டும். அதனால் அதே சாய்வுள்ள ஆயிரம் செயற்கைத் தொடர்களை உருவாக்கி, அவற்றில் எங்காவது, எந்த அதிர்வெண்ணிலாவது, அவ்வளவு உயரமான மேடு வருகிறதா என்று எண்ணுகிறேன். மெதுவான வேலைதான், ஆனால் பொய் சொல்லாது.

இந்தத் தேர்வில் நாற்பது வினாடித் துடிப்பு சுவடின்றி மறைந்தது. மேலும் நான்கு சுடர்களைப் போட்டுப் பார்த்ததில் மூன்று தோற்றன. ஒன்றில் மட்டும் 25 வினாடி அருகே ஒரு மேடு, இரண்டு எக்ஸ் கதிர்ப் பட்டைகளிலும் எழுந்து நிற்கிறது. ஆயிரம் செயற்கைத் தொடர்களில் 11 மட்டுமே அதை எட்டின.

இதை வன் எக்ஸ் கதிரில் ஒப்பிடாமல் யாரிடமும் காட்டப்போவதில்லை. பழைய சுடர்களுக்கு ரெஸ்ஸி செயற்கைக்கோளின் தரவு உண்டு என்றாலும், அது தன்னைத் தானே சுமார் நான்கு வினாடிக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டிருந்ததால், நான்கின் மடங்குகளில் எது வந்தாலும் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஆதித்யா-எல்1-இன் ஹீலியாஸ் கருவி வன் எக்ஸ் கதிரைப் பதிவு செய்வதால், அடுத்த முயற்சியை அதில் தொடங்க எண்ணியிருக்கிறேன். கோப்புகளைத் திறக்கும் நிரலைப் பாதி எழுதியாகிவிட்டது. வன் எக்ஸ் கதிரிலும் அதே 25 வினாடி வந்தால்தான், காந்த வளையம் அதிர்வதால் இந்தத் துடிப்பா, காந்த மீளிணைவே (காந்தப் புலக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைவது) விட்டுவிட்டு நடப்பதாலா என்ற கேள்விக்குள் காலெடுத்து வைக்க முடியும்.

அதற்குள் அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. அந்த 300 வினாடியின் தொடக்கத்தை முப்பது வினாடி பின்னுக்கு நகர்த்தியதும் 11 என்ற எண் 43 ஆகிவிட்டது. எங்கே வெட்டினால் எவ்வளவு என்று பத்துப் பத்து வினாடியாக நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் தொடர்களை இப்போது கணினி ஓட்டிக்கொண்டிருக்கிறது.