போர்ட்ஃபோலியோவுக்கு லென்ஸ் வாங்குமுன் ஒரு வரி விளம்பரப் பக்கம்

ஒருவழியாக ரிசல்ட் வந்துவிட்டது. போட்டோகிராபி பிராக்டிகலில் நான் பயந்ததைவிட நல்ல மார்க்தான். அப்போதிலிருந்து ஜூனியர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, கேனான் 1500டிக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்? கிட் லென்ஸில் ஷார்ப்பாகவே வரமாட்டேங்குது." கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. ஜூமைத்தான் கிட் லென்ஸ் என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ரெகார்டு, ஆல்பம், வைவா எல்லாம் உங்களுக்கே தெரியும். லென்ஸ் கதையை மட்டும் பார்ப்போம்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டுங்கள். டிரைபாடில் கேமராவைச் சுவருக்கு நேர் எதிரே, பக்கம் முழுவதும் ஃபிரேமுக்குள் வரும்படி வையுங்கள். கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். லைவ் வியூவில், அதாவது பின்திரையில், பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு, எண் ஏற ஏறத் துளை சிறிதாகும்), ஐஎஸ்ஓ 100 (சென்சாரின் ஒளி உணர்திறன்), இரண்டு விநாடி டைமர். எடுத்த படத்தைக் கணினியில் நூறு சதவீத அளவில் திறந்து, நடுவில் இருக்கும் 'வீடு வாடகைக்கு' விளம்பரத்தில் போன் நம்பர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கிட் லென்ஸிலேயே தாராளமாகப் படிக்கலாம். அப்படியென்றால் இத்தனை நாளாக உங்கள் படங்களைக் கெடுத்தது வேறு ஏதோ.

இதை யாரும் செய்வதில்லை. எல்லாரும் நேராக லென்ஸ் விலையைத்தான் தேடுகிறார்கள். என் மார்க்கில் பாதி இந்தப் பேப்பர் வேலையால் வந்தது என்றே சொல்வேன், மிகைதான், பரவாயில்லை. படம் தெளிவில்லாமல் போவது பெரும்பாலும் மூன்று வகை:

கை ஆட்டம். படம் முழுவதும் ஒரே திசையில் இழுத்தது போலிருக்கும். பல்பு வெளிச்சம் புள்ளியாக இல்லாமல் கோடாகும்.

ஃபோகஸ் தவறியது. நீங்கள் நினைத்த இடம் மங்கல், ஆனால் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒன்று பளிச்சென்று இருக்கும்.

லென்ஸே மங்கல். நடுப்பகுதி சரி, ஓரங்கள் குழைந்திருக்கும். அபெர்ச்சரை, அதாவது அந்தத் துளையை, கொஞ்சம் சுருக்கினால் தேறும்.

மூன்றாவதற்கு மட்டும்தான் புது லென்ஸ் நேரடி மருந்து. நான்காவதாக ஒன்றும் உண்டு: லென்ஸ் முன்னால் கடைக்காரர் மாட்டிவிட்ட மலிவு யூவி கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விளக்குக்கு எதிரே எடுக்கும்போது வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

வைவாவிலும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் இங்கேதான் வந்து நின்றார். 12க்கு 18 அங்குல பிரிண்ட் ஒன்றை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, "இது லென்ஸா, கையா?" என்றார். மதுரை பக்கத்து விளாச்சேரியில், கொலு பொம்மை செய்யும் கூடத்தில் எடுத்த படம். பின்னால் அலமாரியில் காயும் பொம்மைகள் அத்தனையும் தெளிவு, பொம்மைக்காரரின் தூரிகை பிடித்த கை மட்டும் கலங்கல். "ரெண்டும் இல்ல சார், அவர் கை. ஷட்டர் 1/30 விநாடி. ஸ்டெபிலைசர் என் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், அவர் அசைவைப் பிடிக்காது" என்றேன். அடுத்து விட்டார் ஒரு தூண்டில்: "எஃப் 22 வெச்சிருந்தா இன்னும் ஷார்ப்பா வந்திருக்குமே?" விழாதீர்கள். 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) எஃப் 11 தாண்டினாலே ஒளி விளிம்பு விலகல் (சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) தெரிய ஆரம்பிக்கும். எஃப் 22இல் படம் முழுக்க மென்மையாகிவிடும். பெரும்பாலான லென்ஸ்களுக்கு எஃப் 5.6, 8 பக்கம்தான் நல்ல இடம்.

சரி, இதற்குப் பிறகும் லென்ஸ் வேண்டும் என்றால் எது? யாரைக் கேட்டாலும் 50 மி.மீ. எஃப் 1.8 என்பார்கள். மோசமான யோசனை இல்லை. கிட் லென்ஸ் 55இல் எஃப் 5.6தான். அங்கே ஐஎஸ்ஓ 3200 கேட்கும் வெளிச்சத்தில் எஃப் 1.8 இருந்தால் ஏறக்குறைய 320 போதும். படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சல் குறைந்தாலே பாதி ஷார்ப்னஸ் வந்துவிடும். ஆனால் கேனான் கிராப் பாடியில் 50 என்பது 80 மாதிரி வேலை செய்யும். விளாச்சேரியில் நான் உட்கார்ந்த கூடம் குறுகலானது. சுவரில் முதுகை ஒட்டினாலும் 55இல் ஒரு பொம்மைத் தலையும் ஒரு கையும்தான் அடங்கும்.

அதனால் செலோ டேப் வைத்தியம். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை ஓர் எண்ணில் டேப் போட்டு நிறுத்திவிட்டு, உங்கள் போர்ட்ஃபோலியோ இடத்துக்கே போய் எடுங்கள். 24, 35, 55 என்று மாற்றிப் பாருங்கள். எந்த எண்ணில் டேப்பைப் பிய்க்கவேண்டும் என்று கை பரபரக்கவில்லையோ, அதுதான் உங்கள் லென்ஸ். எனக்கு 24. இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 பழையதாகக் கிடைத்தது, வாங்கினேன். வெளிச்சத்தில் பெரிய லாபம் இல்லை, ஒரு ஸ்டாப் அளவுதான், அதாவது இரண்டு மடங்கு. ஸ்டெபிலைசரும் கிடையாது. ஆனால் ஓரங்கள் சுத்தம், அப்புறம் 16 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், கிட் லென்ஸுக்கு அது 25. சென்சாரிலிருந்து அளக்கும் கணக்கு என்பதால், லென்ஸின் மூக்குக்கும் பொம்மைக்கும் இடைவெளி இன்னும் குறைவு. கொலு பொம்மைக்கு அந்தக் கூடத்தில் கடைசியாகத்தான் கண் எழுதினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றை முடித் தூரிகையால் கருவிழி வைக்கும் அந்த நொடியில், பொம்மையின் முகம், அவர் விரல் இடுக்கில் காய்ந்த சிவப்புச் சாயம், பின்னால் ஜன்னல், மூன்றும் ஒரே ஃபிரேமில் வந்தன. ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னதால் ஷட்டரும் 1/125க்கு ஏறியது.

நான் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காரும் ரகம். கல்யாணம், மேடை நடனம் என்று ஓடுபவர்களுக்கு இது ஒத்துவராது, 50ஐயே வாங்குங்கள். என் தோழி அதில் முகங்களாக எடுத்தாள், என்னைவிட மார்க் அதிகம். ஒரே எச்சரிக்கை: ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8இல் தெளிவாக இருக்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட வராது. கண் கிடைத்தால் காது போய்விடும். முகத்துக்கு எஃப் 2.8, 4 பக்கம் வையுங்கள். 1500டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுவில் இருப்பது மட்டும்தான் குறுக்கு வகை (நெடுக்கு, குறுக்கு இரண்டு கோடுகளையும் பிடிப்பது), அதையே நம்புங்கள்.

பழைய லென்ஸ் வாங்கினால்:

போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

ஆட்டோ ஃபோகஸை அருகிலும் தூரத்திலும் மாறி மாறி ஓட்டுங்கள், தயங்குகிறதா என்று.

பேப்பர் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் குழைந்திருந்தால், லென்ஸ் எங்கோ கீழே விழுந்திருக்கலாம்.

நிக்கான் டி3500 வைத்திருப்பவர்கள் 50 மி.மீ. 'டி' வகை மலிவாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். உங்கள் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதில் ஆட்டோ ஃபோகஸ் ஓடாது. மோட்டார் லென்ஸிலேயே இருக்கும் 'ஏஎஃப்-எஸ்' வகையாகப் பாருங்கள். 35 மி.மீ. எஃப் 1.8ஜி டிஎக்ஸ் நல்ல தேர்வு.

கடைசியாக லேப். பிரிண்ட் கொடுக்கும்போது "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்" என்று கவரின் மேலேயே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பங்குக்கு ஷார்ப்பன் போட்டு, முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைந்துவிடுவார்கள். வைவாவில் அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதலில் ஒரே ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். சப்மிஷன் வாரத்தில் லேப் வாசலில் நிற்கவே இடம் இருக்காது, அதற்கு முன்னாலேயே போய்விடுங்கள்.