உளையுது என்றால் உளையுதுதான்

"உளைச்சலா? வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா? மருமகளோட ஒத்துப்போகலையா?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் இப்படிக் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வலது தோளைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். "கை உளையுது டாக்டர், ராத்திரி படுக்க ஏலாத உளைச்சல்" என்றுதான் சொன்னேன். அவர் ஏதோ எழுதினார், தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலையேறும்போது மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, இங்க உளைச்சல்னா மனசுக்குத்தான் சொல்லுவாங்க. உனக்கு மனசு சரியில்லைன்னு எழுதிட்டாரு."

அன்று கோத்தகிரி வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

46 வருஷமாக இந்த மலையில்தான் இருக்கிறேன். ரேஷன் கார்டு, ஓட்டு, பேரப்பிள்ளைகள் எல்லாம் இங்கேதான். பேச்சும் மாறிவிட்டது. தேத்தண்ணி டீ ஆனது, கோச்சி ரயிலானது. சிலோன்காரம்மா என்று கூப்பிட்ட கடைக்காரரின் மகன் இப்போது வெறுமனே அம்மா என்கிறான். ஆனால் வலி வந்தால் மட்டும் என் வாய் இலங்கையில் எங்கள் ஊரான மஸ்கெலியாவுக்குப் போய்விடுகிறது.

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், வலிக்கு ஒரு சொல்லோடு நிறுத்துவதில்லை. குத்து என்றால் ஓரிடத்தில் சுருக்கென்று வந்து போவது. குடைச்சல் எலும்புக்குள் இருப்பது. கடுப்பு, இழுப்பு, எரிவு எல்லாம் வேறு வேறு. உளைச்சலுக்கு இடம் காட்ட முடியாது. கையை எங்கே வைத்தாலும் வைத்த இடம் கொள்ளாது. சேற்றில் புதைந்த காலை இழுப்பது போல உள்ளுக்குள் இழுத்துக்கொண்டே கிடக்கும். அம்மாவுக்குக் கூடைக் கயிறு பதிந்து உச்சந்தலையில் முடி தேய்ந்திருக்கும். ஸ்டோரில் கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்து அடுப்படிச் சுவரில் சாய்ந்து, "உளையுதுடி" என்பாள். நான் எழுந்து போய்க் காலை மிதித்துவிடுவேன். எங்கே, எப்படி, எத்தனை நாளாக என்று யாரும் கேட்டதில்லை. உளையுது என்றால் உளையுதுதான். அப்பா சித்தாலேப தைல டப்பாவை எடுத்து நீட்டுவார்.

1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று தோட்டத் தமிழர்களான எங்களைப் பிரித்தார்கள். அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். எங்கள் முறை வந்தது 1979ல், எனக்கு 17 வயதில். ஹட்டனில் கோச்சி ஏறினோம், தலைமன்னாரில் கப்பல் ஏறினோம், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் கிடந்தோம். பிறகு ராத்திரியோடு ராத்திரியாகக் கோத்தகிரி. விடிந்து பனி விலகியதும் சரிவெல்லாம் தேயிலை. தங்கச்சி கைதட்டிக் குதித்தாள்: "அப்பா, திரும்பியும் மஸ்கெலியாவுக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க!" கப்பல் ஏறியதிலிருந்து அப்பா சிரித்தது அப்போதுதான்.

ஒரு தனியார் தோட்டத்தில் பேர் பதிந்தேன். முதலில் கையால்தான் கொழுந்து எடுத்தோம். பிறகு கத்திரி வந்தது. அதன்மேல் ஒரு தட்டு வைத்திருக்கும். வெட்டின கொழுந்து தட்டில் சேர்ந்ததும் அப்படியே தோளுக்கு மேலாகப் பின்னால் சாக்குக்குள் வீச வேண்டும். 24 வருஷம் கத்திரி பிடித்தேன். தோள் எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்லத் தெரியாது. ஒருநாள் தலை சீவக் கை மேலே போகவில்லை. பிறகு ஜாக்கெட் கொக்கி மாட்ட ஏலவில்லை. பிறகு தூக்கம் போனது.

டிஸ்பென்சரியில் மாத்திரை, டவுனில் ஊசி, இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் குளியலறைக்குள் போய் அழுதேன். ஒன்றுமில்லை என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டால் அப்புறம் நம் பேச்சு எடுபடாது. சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையே மாறிவிடும். வயசாகிவிட்டது, சத்து இல்லை, பொம்பளைகளுக்கு வருவதுதான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடையில் நானாக வாங்கித் தின்ற டைக்ளோஃபெனாக் வயிற்றைப் புண்ணாக்கியது. அதை விடாமல் தின்றால் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கோயம்புத்தூர். அங்கே என் தோள் மனசாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் பட்டதில் அதுதான் எனக்கு ஆறவே இல்லை. இந்த நாட்டுக்கு வந்ததில் வீடு போனது, ஊர் போனது. வலியைச் சொல்ல வைத்திருந்த சொல்லும் போய்விட்டது என்று நினைத்தேன்.

என்னோடு தோட்டத்தில் நிரை பிடித்த அக்கா ஒருத்திதான் கோத்தகிரியிலேயே ஒரு டாக்டரம்மாவைச் சொன்னாள். "கெட்டிக்காரி" என்று சொல்லவில்லை. "அந்தம்மா கேக்கும்டி" என்றாள்.

தேனிப் பக்கத்துக்காரர். நான் வலி என்றுதான் ஆரம்பித்தேன், ஜாக்கிரதையாக. பாதியில் வாய் தவறி உளையுது என்று வந்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க பாட்டி சொல்ற உளைச்சலா? கையை எங்க போட்டாலும் கொள்ளாதே, அதுவா?" எனக்குப் பேச்சு வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"என்ன வேலைம்மா?" என்றார். கத்திரி என்றேன். மேசையிலிருந்த இரண்டு பைல் அட்டைகளை எடுத்துக் கொடுத்து, "எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க" என்றார். எழுந்து நின்று காட்டினேன். இடக்கை தாங்க, வலக்கை மூடித் திறக்க, நாலு வெட்டு, ஒரு வீச்சு. "நிறுத்துங்க, அந்த வீச்சு மட்டும் இன்னொரு தடவை." வீசினேன். அவர் என் தோள் மேல் விரலை வைத்து, நான் அசைக்க அசைக்கத் தொட்டுக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் என் உடம்பு தானாகத் துள்ளியது. "இருக்கும்மா. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், இதைக் காட்டாது" என்றார்.

அப்புறம் அவர் சொன்னது எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிற வலியை வெறும் அறிகுறியாகத் தள்ளிவிடக் கூடாதாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், 2022ல் நடப்புக்கு வந்த பதிப்பில், நாள்பட்ட வலிக்கென்றே தனி இடம் கொடுத்திருக்கிறார்களாம். அடிபட்ட இடம் ஆறினாலும் நரம்பு பழக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். "முன்னாடியே சொல்லிடறேன், இது மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரைதான். இவ்வளவு சின்ன அளவுல நரம்பு வலிக்குக் கொடுப்போம். யாராவது பெட்டியைப் பார்த்துட்டு ஏதாவது சொன்னா மனசு கஷ்டப்படாதீங்க." வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்றும் சொன்னார். இரண்டும் இருந்தது. அவர் சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் மவுசாக்கலையைச் சொன்னேன். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அணை கட்டிப் பழைய மஸ்கெலியா டவுன் முழுக்கத் தண்ணிக்குள் போய்விட்டது. நல்ல வெயில் காலத்தில் தண்ணி இறங்கினால் மூழ்கிய கோயில் தலை காட்டும். "அந்த மாதிரிதான் டாக்டரம்மா. இப்ப தண்ணி நிறைய இருக்கு. கோயில் உள்ளதான் இருக்கு." அவர் சிரிக்கவில்லை. "வேலை கூடின அன்னிக்குத் தண்ணி இறங்கும், இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

பிசியோதெரபிக்குக் குன்னூரில் ஓர் ஆளுக்குக் கடிதம் கொடுத்தார். அது முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரே ஒரு சொல்லைத் தமிழில் எழுதியிருந்தார்: உளைச்சல். பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று மகளை வாசிக்கச் சொன்னேன். "தசையிலயும் நரம்புலயும் இருக்கிற வலி, மனக்கவலைன்னு எடுத்துக்க வேண்டாம்னு எழுதியிருக்காங்கம்மா." அந்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையோடு.

பயிற்சி சின்னதுதான். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு போல மேலே நகர்த்த வேண்டும். எட்டின இடத்தில் பேரன் சாக்பீஸால் கோடு போடுகிறான். முதல் கோடு சுவிட்சுக்குக் கீழே. நேற்று ஜன்னலின் மேல்கட்டை வரை போனது. அந்த ஜன்னலில், பனி இல்லாத நாளில், தூரத்தில் ரங்கசாமி மலை தெரியும்.

"பாட்டி, அதுதான் உங்க ஊர் மலையா?" என்றான்.

"இல்லடா. எங்க ஊர்ல சிவனொளிபாத மலை. மார்கழி பிறந்தா ராத்திரியில அடிவாரத்துலருந்து உச்சி வரைக்கும் லைட் வரிசையா எரியும். அம்மா லயத்து வாசல்ல உக்காந்து…"

"கையை எடுக்காத பாட்டி, இன்னும் கோடு போடல" என்றான்.