மலை ரயில் இன்ஜினின் மேல்தண்டு: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மூன்றாம் முயற்சி

நீலகிரி மலை ரயிலைப் படம்பிடிக்க நான் கிளம்பியது இது மூன்றாவது முறை. முதல் முறை எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களில் மலையும் பாலமும் சன்னலுக்கு வெளியே நீண்ட கைகளும் நிறையவே இருந்தன. ஆனால் இன்ஜின் ஓடுகிறது என்று சொல்லத்தக்க படம் ஒன்றுகூட இல்லை. ஷட்டரை 1/1000 நொடியில் வைத்திருந்ததால், மூச்சிரைத்து மலையேறிய அந்த இன்ஜின் எல்லாப் படங்களிலும் கண்காட்சித் திடலில் நிறுத்தி வைத்ததுபோல் நின்றது. இரண்டாம் முறை ஐப்பசி மழையில் பாதையில் மண் சரிந்து சேவை ரத்தாகிவிட, மேட்டுப்பாளையம் நிலையத்தில் ஒரு காபி குடித்துவிட்டுக் கோவைக்கே திரும்பினேன். எனவே இந்தத் தை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைப் பயணத்துக்கு, காட்சிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு படத்தை மட்டும் இலக்காக வைத்துக்கொண்டேன்.

அந்தப் படம் எதைப் பற்றியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் உண்டு. கீழே இருப்பது உயர் அழுத்தச் சிலிண்டர். அது சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. மேலே இருப்பது தாழ் அழுத்தச் சிலிண்டர். அது தண்டவாளங்களுக்கு நடுவே பதித்துள்ள பற்சட்டத்தைக் கவ்வி ஏறும் பற்சக்கரங்களை இயக்குகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் அசைவையும் சக்கரத்துக்குக் கொண்டுசெல்ல வெளிப்புறம் ஓர் இணைப்புத் தண்டு உண்டு. சமதளத்தில் கீழ்ச் சிலிண்டருக்கு மட்டுமே வேலை என்பதால் மேல்தண்டு அசையாமல் கிடக்கும். மலையடிவாரத்துக் கல்லாறு நிலையத்தில் பற்சட்டம் தொடங்கியதும், கீழ்ச் சிலிண்டரில் வேலை முடித்து வரும் நீராவியை வெளியே விடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள். அப்போது மேல்தண்டும் உயிர்பெறுகிறது. இடையில் பல்லிணைப்பு இருப்பதால் அது கீழ்த்தண்டுக்கு எதிர்த்திசையில், அதைவிட வேகமாகச் சுழலும். ஒரே இன்ஜினில் இரண்டு தண்டுகள் எதிரும் புதிருமாகச் சுழல்வதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. அதை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவருவதுதான் என் நோக்கம்.

கோவையிலிருந்து காலையில் மேட்டுப்பாளையம் செல்லும் முதல் பாசஞ்சர் ரயிலை நம்பினால் மலை ரயில் போய்விடும். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸைக் கோவையில் விடியுமுன் பிடித்தால்தான் 7.10 மணிக்குக் கிளம்பும் மலை ரயிலுக்குச் சரியாக இருக்கும். அன்று அரை மணி நேரம் கையில் இருந்தது. நான்கு நீல வெளிர்மஞ்சள் பெட்டிகளுக்குப் பின்னால் இன்ஜின் நின்றது. இந்த ரயிலில் இன்ஜின் முன்னால் இருந்து இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. ஏற்றத்தில் இணைப்பு ஏதேனும் அறுந்தாலும் பெட்டிகள் தனியே பள்ளத்தில் உருண்டுவிடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும் என்பதே அதற்குக் காரணம். அன்றைக்கு வந்திருந்தது திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2010-களில் கட்டிய, எண்ணெயில் எரியும் இன்ஜின்களில் ஒன்று. 37396 முதல் 37399 வரை எண் கொண்ட அந்த நான்குக்கும் மூல வடிவம், ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை இந்தப் பாதைக்காகச் செய்து அனுப்பிய பழைய எக்ஸ் வகைதான். நிலக்கரி இன்ஜினின் கரும்புகை படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வோரின் கட்சியில் நான் இல்லை. எனக்கு வேண்டியது தண்டு. புகை அதை மறைக்கத்தான் செய்யும்.

என் இருக்கை இரண்டாவது பெட்டியில் நடுப்பக்கமாக அமைந்திருந்தது. சன்னலோரத்தில் அமர்ந்திருந்த பெரியம்மா, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டபடி நான் தவிப்பதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இப்படி வந்து உக்காந்துக்க கண்ணு, எனக்குக் குளுருகாத்து ஒத்துக்காது" என்று இடம் மாற்றிக்கொண்டார். அன்று எடுத்த நல்ல படங்களில் பாதி அவருடைய புண்ணியம்.

பவானி ஆற்றைக் கடந்து, பாக்குத் தோப்புகளுக்கு ஊடே கல்லாறு வரையிலான தூரம் சமதளமானது. அங்கே ஒரு வளைவில் பின்னோக்கி எடுத்த படங்களில் கீழ்த்தண்டு மட்டும் சுழல, மேல்தண்டு சும்மா கிடப்பது தெளிவாகப் பதிந்தது. ஒப்பீட்டுக்கு இந்தப் படம் மிகவும் தேவை. கல்லாற்றில் வண்டி நின்று, பிறகு ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து பற்சட்டத்தின் மீது ஏறியது. பற்சட்டத்தின் தொடக்கத் துண்டு ஸ்பிரிங் மேல் அமைந்திருக்கிறது. பற்சக்கரத்தின் பல் இடைவெளியில் விழாமல் பல்லின் மேலேயே வந்து அமர்ந்தால், அந்தத் துண்டு சற்றே அமுங்கிக்கொடுத்து அதைச் சரியான இடத்தில் இறங்க வைக்கும். பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு இலேசான ஓர் உதறல் மட்டுமே தெரிந்தது. ஆனால் சத்தம் உடனே மாறியது. அதுவரை இன்ஜின் விட்டு விட்டுப் பெருமூச்சு விட்டது. இப்போது வண்டியின் வேகம் குறைந்திருந்தும் மூச்சு மட்டும் நெருக்கமாக, அவசரமாக வரத் தொடங்கியது. வெளியேறும் நீராவி இனி வேகமாகச் சுழலும் மேல் சிலிண்டரிலிருந்து வருவதே அதன் காரணம். படத்தில் இதைக் காட்ட வழியில்லை என்பது எனக்கு இன்றுவரை குறையாகவே இருக்கிறது.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டர் பற்சட்டப் பாதை. அதிகபட்ச ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் வண்டி போகக்கூடாது என்பதால் படம் எடுப்பவனுக்கு நேரம் இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு வளைவும் சில நொடிகளே நீடிக்கும். முழுப் பாதையில் 208 வளைவுகள் இருந்தாலும், வளைவின் உட்பக்கம் என் சன்னல் பக்கமாக அமைந்து, இடையில் பாறையோ மரமோ குறுக்கிடாமல், இன்ஜினின் பக்கவாட்டில் வெயிலும் விழுந்தவை என் கணக்கில் பதினொன்றுதான். முதல் மூன்றை வீணாக்கினேன். தானியங்கிக் குவியம் இன்ஜினை விட்டுவிட்டு, வெள்ளையாகப் பொங்கிய நீராவியைப் பிடித்துத் தொங்கியது. நான்காவது வளைவுக்குள் குவியத்தைக் கைக்கு மாற்றி, இன்ஜினின் முகப்பு எண் தெளிவாகத் தெரியும் தூரத்தில் லென்ஸை நிறுத்தினேன். இன்ஜினுக்கும் என் பெட்டிக்கும் இடையிலான தூரம் பயணம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பிறகு அதைத் தொடவே தேவைப்படவில்லை. இவ்வளவு எளிய விஷயம் வீட்டிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ஷட்டரைப் பற்றியும் இதே போன்ற ஒரு தெளிவு கிடைத்தது. தரையில் நின்று ஓடும் ரயிலை மெதுவான ஷட்டரில் எடுத்தால் இன்ஜின் முழுவதும் கலங்கிவிடும். ரயிலுக்குள்ளிருந்து எடுக்கும்போது நானும் இன்ஜினும் ஒரே வேகத்தில் நகர்கிறோம். அதனால் 1/30, ஏன் 1/15 நொடியில்கூட கொதிகலனும் எண் பலகையும் கூர்மையாக நிற்க, மலைச்சரிவும் தண்டுகளும் மட்டுமே கலங்குகின்றன. கொள்கையளவில் இது சரி. ஆனால் பற்சக்கரத்தின் அதிர்வு பெட்டியின் மரச்சட்டம் வழியாகக் கைக்கு ஏறியதால், சன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி எடுத்தவை எல்லாம் கெட்டன. முழங்கையை விலாவோடு ஒட்டி, உடம்பே அதிர்வை உறிஞ்சும்படி எடுத்தவற்றில் ஐந்துக்கு ஒன்று தேறியது. நீராவியின் வெண்மை கேமராவின் ஒளி அளவுமானியை ஏமாற்றி இன்ஜினைக் கருப்பாக்கிவிடுவதால், ஒளியையும் கையாலேயே அமைத்தேன்.

ஆசை மிகுந்து ஒரு வளைவில் கேமராவைச் சன்னலுக்கு வெளியே நீட்டியபோது, பெட்டியின் முன்மேடையில் கொடியோடு நின்ற பிரேக்ஸ்மேன் திரும்பிப் பார்த்து, "சார், கையை உள்ள எடுங்க, டனல் வருது" என்று அதட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒருவர் உண்டு. முன்னால் நிற்பவருக்குத்தான் பாதை தெரியும், ஓட்டுநரோ கடைசியில் இருக்கிறார் என்பதால், கொடி அசைவு பெட்டி பெட்டியாகப் பின்னோக்கிக் கடத்தப்படுகிறது. பதினாறு குகைகளின் சுவர்களும் சன்னலுக்கு மிக அருகில் வருகின்றன. அதன் பிறகு நான் கையை நீட்டவில்லை. சன்னல் சட்டம் படத்தின் ஓரத்தில் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. மற்றவர்கள் டீக்கும் வடைக்கும் போக, வடையைக் குறிவைத்துக் குரங்குகள் அவர்களோடு போக, நான் பின்னால் இன்ஜினிடம் ஓடினேன். அருகில் நின்று பார்த்தபோது மேல்தண்டின் மூட்டில் புதிதாக விட்ட எண்ணெய் சொட்டி, கீழ்த்தண்டின் மேல் விழுந்து, சூட்டில் மெல்லிய நீலப்புகையாக எழுவது தெரிந்தது. நின்ற நிலையில் இரு சிலிண்டர்களையும் நிதானமாக எடுத்துக்கொண்டேன். லென்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்தபோது துணியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியது. எரியெண்ணெயின் நுண்துளிகள் புகையோடு சேர்ந்து படிந்திருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்த படங்களில் ஒரு மங்கல் இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. ஹில்குரோவுக்கு மேலே ரன்னிமேடு வரை அரை மணிக்கு ஒரு முறை துடைத்தேன்.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டினார்கள். 1899-இல் குன்னூர் வரை வந்த பாதையை 1908-இல்தான் உதகைக்கு நீட்டினார்கள். அந்த மேல்பகுதியில் பற்சட்டம் இல்லை. எனக்கு அங்கே வேலையில்லாததால் இறங்கிவிட்டேன். பிற்பகலில் அதே இன்ஜினோடு கீழிறங்கும் வண்டிக்கு முன்பதிவு இருந்தது. இறக்கத்தில் இன்ஜின் முன்னால் இருந்து வண்டியைத் தாங்கிச் செல்கிறது. நீராவி தள்ளுவதற்குப் பதில் சிலிண்டர்கள் காற்றை அழுத்தி வேகத்தைப் பிடிப்பதால் தண்டுகள் சுழன்றன. புகை மிகக் குறைவு. படம் தெளிவாக வந்தாலும் உழைப்பின் சாயல் இல்லை. பத்துப் படங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

மொத்தம் 164 படங்களில் ஒன்பதை வைத்துக்கொண்டேன். அவற்றில் நான் தேடிப்போனது ஒன்றே. ஹில்குரோவைத் தாண்டிய இரண்டாவது வளைவில் 1/15 நொடியில் எடுத்தது. எண் பலகை படிக்கும்படி இருக்கிறது. கீழ்த்தண்டு ஒரு சிறு விசிறி அளவுக்குக் கலங்கியிருக்க, மேல்தண்டு அதைவிட அகலமாகக் கலங்கி, இரண்டு விசிறிகளும் எதிரெதிராகச் சாய்ந்திருக்கின்றன. இடது ஓரத்தில் பெரியம்மாவின் சேலைத் தலைப்பு காற்றில் பறந்து உள்ளே வந்துவிட்டது. அதை வெட்டினால் புகைபோக்கியின் விளிம்பும் சேர்ந்து போகிறது என்பதால் அப்படியே அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.