லாக்புக்கில் இல்லாத ஒட்டு

எஞ்சினே இல்லாத கிளைடர் விமானத்தில் பழுதாக என்ன இருக்கிறது என்று ஊரில் கேட்பார்கள். இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருபவற்றில் பல உடைந்து வருவதில்லை. ஏதோ ஒரு சந்தேகத்தில் பறக்க விடாமல் நிறுத்தப்பட்டு, டிரெய்லரிலேயே வருடக்கணக்கில் கிடந்தவை.

2014 ஏப்ரலில் பிரிட்டனின் ஏர் கேடட்களுக்கான (விமானப்படை சார்ந்த இளைஞர் அமைப்பினருக்கான) பயிற்சி கிளைடர்கள் அத்தனையும் நிறுத்தப்பட்டதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறக்கவில்லை. பறக்கத் தகுதியானவை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே சிக்கல். வைக்கிங் என்று அவர்கள் அழைக்கும் குரோப் 103 ரகம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. மோட்டார் வைத்த விஜிலண்ட் 2018இல் விடைபெற்றது.

எங்களிடம் வருவது கிளப்புகளின் குரோப் 103. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, 17.5 மீட்டர் இறக்கை, உடம்பு முழுக்கக் கண்ணாடியிழைத் துணியைப் பிசினால் ஒட்டி அடுக்கியது. பயிற்சிக்கு ஓடும் கிளைடர் விஞ்சில் (தரையிலிருந்து கம்பியால் இழுத்து ஏற்றும் இயந்திரத்தில்) ஏறி, ஒரு வட்டமடித்து, சில நிமிடங்களில் தரையைத் தொட்டுவிடும். மணிக்கணக்கில் பறந்தது குறைவாக இருக்கும். தரையில் மோதி வாங்கிய அடி அதிகமாக இருக்கும். அதனால் நான் முதலில் போய் நிற்பது வால் பக்கம்தான். தரையிறங்கும்போது இறக்கை நுனி புல்லில் மாட்டிச் சுழன்றால், அடி வாங்குவது வால் குழாய்.

பரிசோதனைக் கருவி ஒரு நாணயம். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்ப்பது போல வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே துணி அடுக்குகள் ஒட்டு விட்டுப் பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாகிவிடும். ஒரு முறை வால் குழாயின் அடியில், உள்ளங்கை அகலத்துக்குச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. அடுக்கு விட்ட சத்தமும் இல்லை, கொஞ்சம் தடித்த சத்தம். மேல்பூச்சான வெள்ளை ஜெல்கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால், அடியில் வேறு நிறப் பிசின். யாரோ எப்போதோ போட்ட ஒட்டு.

வேலை அருமையாக இருந்தது. ஓரங்கள் சீராக இறங்கியிருந்தன, ஒரு காற்றுக் குமிழி இல்லை. ஆனால் கிளைடரில் செய்த வேலைகளையெல்லாம் பதியும் லாக்புக்கில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்தத் துணி, எந்தப் பிசின், எவ்வளவு சூட்டில் இறுக வைத்தார்கள்? சூட்டைப் பற்றி ஏன் இத்தனை கவலை என்றால், இந்த ரகப் பிசினுக்கு 54 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதற்கு மேல் போனால் இளக ஆரம்பிக்கும். கண்ணாடியிழைக் கிளைடர்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது அழகுக்காக இல்லை, வெயிலில் சூடு ஏறாமல் இருக்கத்தான். சரியாகச் சூடு காட்டாத ஒட்டு அந்த எல்லைக்கு முன்பே இளகலாம். தட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வெட்டி எடுத்தோம். கிளப்காரர்களுக்குக் கோபம். நல்ல வேலையை வெட்டிவிட்டு அதற்குக் காசும் கேட்கிறீர்களா என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது; அந்த ஒட்டு இன்னும் பல வருடம் தாங்கியிருக்கக்கூடும். ஆனால் பின் இருக்கையில் உட்கார்ந்து பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பவரிடம் ‘தாங்கக்கூடும்’ என்று சொல்ல முடியாது.

அப்புறம் வழக்கமான வேலைகள்தான். வால் பக்கம் கொஞ்சம் பெயின்ட் கூடினாலும் எடைமையம் பின்னால் நகர்ந்துவிடும், அதனால் திரும்பவும் எடை போட்டோம். வாலைப் பூட்டிய பிறகு ஒருவர் காக்பிட்டில் ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் மடிப்பான எலிவேட்டரைக் கையால் அழுத்திப் பார்த்தார். ஸ்டிக்குக்கும் எலிவேட்டருக்கும் இடையிலான இணைப்பை மாட்ட மறந்து பறந்த கதைகள் இந்தத் தொழிலில் நிறைய. பூட்டியவர் போக, வேறொருவரும் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கடைசியில் லாக்புக்கில் எழுதும்போது துணியின் ரகம், பிசின் பேட்ச் எண், சூட்டுக் கூடாரத்தில் ஏறிய வெப்பம், எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை. தனித்தாளில் எழுதி ஒட்டினேன்.